அறுபதிலும் எண்பதிலும் ஒரு திருமணம்: திருக்கடையூர் வழக்கம்

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்குப் போகும் வழியில் உள்ள திருக்கடையூர் அமிர்தகடேசுவரர் கோயிலில் ஆண்டு முழுவதும் தாலி கட்டுகிறார்கள். ஆடி, மார்கழி என்ற விலக்கு அங்கே இல்லை. தேய்பிறை, வளர்பிறை பார்ப்பதும் இல்லை. மற்ற ஊர்களில் கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும் மாதங்களிலும் இங்கே நாதசுரமும் தவிலும் ஒலிக்கின்றன. மணமகனுக்கு வயது அறுபது, எழுபது அல்லது எண்பது. அவருக்குப் பக்கத்தில் கூறைப்புடவையில் அமர்ந்திருப்பவர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அவர் கையால் தாலி வாங்கிக்கொண்டவர். தமிழ்நாட்டில் மணிவிழா, சதாபிஷேகம் என்று வழங்கும் இச்சடங்குகள் வீட்டிலும் வேறு கோயில்களிலும் நடைபெறுவது உண்டு. என்றாலும் இவற்றுக்கென்றே பெயர்பெற்ற தலம் திருக்கடையூர்தான்.

இந்த வழக்கம் இங்கே நிலைபெற்றதற்குத் தலக்கதையில் விடை இருக்கிறது. தேவாரம் திருக்கடவூர் என்று குறிப்பிடும் இத்தலத்தைச் சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடியுள்ளனர். சிவபெருமானின் வீரச்செயல்கள் நிகழ்ந்த எட்டு வீரட்டானங்களில் எமனை உதைத்த இடம் இது. மிருகண்டு முனிவருக்கும் மருத்துவதிக்கும் பதினாறே வயது என்ற வரம்புடன் பிறந்த மார்க்கண்டேயன், குறித்த நாளில் லிங்கத்தைத் தழுவிக்கொண்டான். எமன் வீசிய பாசம் லிங்கத்தின் மீதும் விழுந்தது. இறைவன் வெளிப்பட்டு இடது காலால் எமனை உதைத்தார். லிங்கத் திருமேனியில் பாசம் பட்ட தழும்பு இன்றும் தெரிகிறது என்பது பக்தர்களின் நம்பிக்கை. மூலவர் மேற்கு நோக்கியவர். காலசம்ஹார மூர்த்தியின் செப்புத் திருமேனி எமனுடைய திசையான தெற்கை நோக்கியது. பாற்கடலில் கிடைத்த அமுதக் குடமே லிங்கமாக உறைந்தது என்பது இங்கு வழங்கும் மற்றொரு கதை. இறைவன் பெயரும் அதிலிருந்து வந்ததே. சாவைத் தடுத்த கதை ஒன்றும் சாவா மருந்தின் கதை ஒன்றும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதால், ஆயுள் வேண்டுவோர் இங்கு வருவதில் வியப்பில்லை.

ஆனால் இந்தக் கதைகளில் கல்யாணமே கிடையாது. மார்க்கண்டேயன் பதினாறு வயதுப் பாலகன். அவனைக் காத்த சந்நிதியில் பேரன் பேத்தி எடுத்தவர்கள் மாலை மாற்றிக்கொள்வது எப்படி வந்தது என்பது கேட்க வேண்டிய கேள்வி. கணவனின் ஆயுளையும் மனைவியின் மாங்கல்யத்தையும் ஒன்றாகவே எண்ணும் வழக்கத்தில்தான் இதற்கு விடை கிடைக்கும். சத்தியவானை எமனிடமிருந்து மீட்ட சாவித்திரியை நினைத்துப் பெண்கள் காரடையான் நோன்பு நோற்று மஞ்சள் சரடு கட்டிக்கொள்வதும் இதே எண்ணத்தில்தான். ஆணுக்கு ஆயுள் நீண்டால் பெண்ணுக்குத் தாலி நிலைக்கும். ஆயுளுக்காகச் செய்யும் சாந்தியின் முடிவில் புதுத் தாலி ஏறுவது இந்தக் கணக்கின்படிதான். எனவே திருக்கடையூரில் நடப்பதை இரண்டாவது திருமணம் என்று சொல்வது மேலோட்டமான பேச்சு. அது ஒரு சாந்திக் கிரியை. தாலி கட்டுவது அதன் நிறைவை ஒட்டி வரும் ஒரு பகுதி.

தாலியைப் பற்றி இத்தலத்துக்கே உரிய பழைய கதை ஒன்றும் உண்டு. அறுபத்து மூவரில் ஒருவரான குங்கிலியக்கலயர் திருக்கடவூர்க்காரர். கோயிலில் குங்கிலியப் புகை இடுவதே அவருடைய தொண்டு. வறுமை முற்றிப் பிள்ளைகள் பட்டினி கிடந்தபோது, நெல் வாங்கி வருமாறு மனைவி தன் தாலியைக் கழற்றிக் கொடுத்தார். வழியில் குங்கிலியப் பொதி சுமந்து வந்த வணிகனைக் கண்டதும் கலயர் தாலியைக் கொடுத்துக் குங்கிலியத்தை வாங்கிக் கோயிலில் சேர்த்தார் என்கிறது பெரியபுராணம். தாலி வாங்கிப் போகக் கூட்டம் கூடும் ஊரின் நாயனார், தாலியை விற்றுத் தொண்டு செய்தவர். இன்று அங்கே வரும் குடும்பங்களில் பலருக்கு இது தெரியாது.

அம்பாள் அபிராமி. முதலாம் சரபோஜி தஞ்சையை ஆண்ட 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், தை அமாவாசையன்று அன்னையின் முக ஒளியில் தோய்ந்திருந்த சுப்பிரமணியர் என்ற பட்டர், அன்று என்ன திதி என்று கேட்ட அரசரிடம் பௌர்ணமி என்று சொல்லிவிட்டார். தண்டனைக்கு ஆளான நிலையில் அவர் பாடிய நூறு பாடல்களே அபிராமி அந்தாதி. பாதியில் அன்னை தன் தோட்டை வானில் எறிய, அது முழுநிலவாக ஒளிர்ந்தது என்பது மரபு. தை அமாவாசையில் இந்நிகழ்ச்சி விழாவாக இன்றும் நினைக்கப்படுகிறது. ஆயிரம் பிறை கண்டவர்களுக்குச் சதாபிஷேகம் நடக்கும் கோயிலில், அமாவாசையில் எழுந்த நிலவின் கதையும் இருப்பது நல்ல பொருத்தம்.

இனி வயதுக் கணக்கு. 59 வயது நிறைந்து 60 தொடங்கும்போது செய்வது உக்ரரத சாந்தி. 60 நிறைந்து 61 தொடங்கும்போது செய்வது சஷ்டியப்தபூர்த்தி. மணிவிழா என்று பொதுவாகச் சொல்வது இதைத்தான். 70-ஐ ஒட்டிப் பீமரத சாந்தி, 75-ஐ ஒட்டி விஜயரத சாந்தி, 80-ஐக் கடந்ததும் சதாபிஷேகம், கொள்ளுப்பேரனைக் கண்டவர்க்குக் கனகாபிஷேகம், 100-இல் பூர்ணாபிஷேகம் என்று வரிசை நீளும். இடைப்பட்ட சாந்திகளின் பெயரும் வயதும் நூலுக்கு நூல், வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். ஒரு குடும்பத்துச் சாஸ்திரிகள் சொல்லும் கணக்கை இன்னொருவர் மறுப்பது அன்றாடம் நடப்பதுதான்.

அறுபதுக்குத் தனிச் சிறப்பு வந்தது ஆண்டுச் சுழற்சியால். பிரபவ முதல் அட்சய வரையிலான 60 ஆண்டுகள் ஒரு வட்டம். 1966 ஏப்ரல் நடுவில் தொடங்கிய பராபவ ஆண்டில் பிறந்தவருக்கு, 2026 ஏப்ரலில் தொடங்கும் பராபவ ஆண்டில் பிறந்த ஆண்டின் பெயர் முதன்முறையாகத் திரும்பி வருகிறது. ஒரு மனிதர் தம் பிறந்த ஆண்டை மறுபடி காண்பது வாழ்நாளில் ஒருமுறைதான் என்றே பெரும்பாலும் கொள்ளலாம். இரண்டாம் முறை காண 120 வயது வேண்டும். இந்த வட்டத்தின் பின்னணியில் கிரக ஓட்டம் இருக்கிறது. வியாழன் ஞாயிற்றைச் சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டு, சனிக்கு ஏறத்தாழ 30 ஆண்டு. அறுபதில் வியாழன் ஐந்து சுற்றும் சனி இரண்டு சுற்றும் முடித்திருக்கும். துல்லியமாகப் பார்த்தால் வியாழனின் சுற்று 11.86 ஆண்டு, சனியினுடையது 29.46 ஆண்டு. ஆகவே அறுபதாவது ஆண்டில் இரண்டும் பிறந்தபோது நின்ற அதே இடத்தில் நிற்பதில்லை. இரண்டுமே ஒரு ராசியின் அளவுக்குள் முன்னே நகர்ந்திருக்கும். பிறந்தபோது இருந்தபடியே கிரகங்கள் அனைத்தும் திரும்பிவிடுகின்றன என்று மேடைகளில் சொல்லப்படுவது மிகை.

எண்பதின் கணக்கு இதைவிடத் துல்லியமானது. ஒரு முழுநிலவிலிருந்து அடுத்த முழுநிலவு வரை ஏறத்தாழ 29.53 நாட்கள். ஆயிரம் முழுநிலவுக்கு 29,530 நாட்கள். ஆண்டுக்கு 365¼ நாள் என்று வகுத்தால் 80 ஆண்டும் 10 மாதமும் வரும். 80 ஆண்டுக்கு 960 மாதம்தானே, ஆயிரத்துக்கு 40 குறைகிறதே என்று தோன்றலாம். முழுநிலவு மாதத்துக்கு ஒன்றுதான் என்று கொள்வதால் வரும் குறை இது. சந்திர மாதம் சூரிய மாதத்தைவிடச் சிறியது. ஏறத்தாழ மூன்று ஆண்டுக்கு ஒரு முழுநிலவு கூடுதலாக வந்துகொண்டே இருக்கும். எண்பது ஆண்டில் அப்படிச் சேர்வது முப்பதுக்குச் சற்றுக் குறைவு. மீதிப் பத்துக்குத்தான் அந்தப் பத்து மாதம். ஆயினும் பல குடும்பங்கள் 80 நிறைந்ததுமே சதாபிஷேகத்தை முடித்துவிடுகின்றன. முதுமையில் பத்து மாதம் காத்திருப்பதைவிட உடல்நிலை நன்றாக இருக்கும்போதே செய்துவிடுவது மேல் என்ற எண்ணம் நியாயமானதே.

நாள் குறிப்பது மிக எளிது. கணவர் பிறந்த தமிழ் மாதத்தில் அவருடைய ஜன்ம நட்சத்திரம் வரும் நாளே சாந்தி நாள். ஒரே மாதத்தில் அந்த நட்சத்திரம் இருமுறை வந்தால் பெரும்பாலும் பிந்தியதை எடுத்துக்கொள்வர். முகூர்த்த மாதம் பார்க்கும் வேலை இதனால் இல்லாமல் போகிறது. ஆடியில் பிறந்தவருக்கு ஆடியில்தான் மணிவிழா. முதல் திருமணத்தைத் தையிலும் வைகாசியிலும் தேடித் தேடி வைத்த குடும்பம், இந்தத் திருமணத்தை மார்கழிப் பனியில் நடத்துவது இதனால்தான்.

சடங்கு விடியற்காலையில் தொடங்கும். முதல்நாள் மாலையிலேயே தொடக்கப் பூசைகளைச் செய்வோரும் உண்டு. கோயில் வாயிலில் பசுவுக்கும் யானைக்கும் பூசை செய்து தம்பதியை மேளத்தோடு உள்ளே அழைத்து வருவார்கள். விக்னேசுவர பூசை, சங்கல்பம், புண்ணியாகவாசனம் முடிந்தபின் பிரகாரத்தில் நெல்லும் அரிசியும் பரப்பிக் கலசங்களை வைப்பார்கள். நூல் சுற்றி, மாவிலையும் தேங்காயும் கூர்ச்சமும் வைத்த கலசங்கள் பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்து நான்கு என்று வசதிக்கும் சாந்திக்கும் ஏற்ப அமையும். நடுவில் மிருத்யுஞ்சயர். சுற்றிலும் ஒன்பது கோள்கள், இருபத்தேழு நட்சத்திரங்கள், திசைக்காவலர்கள், ஆண்டுகளின் தேவதைகள். அசுவத்தாமன், மகாபலி, வியாசர், அனுமன், விபீஷணன், கிருபர், பரசுராமர் என்ற ஏழு சிரஞ்சீவிகளையும், எட்டாவதாக மார்க்கண்டேயரையும் அழைப்பதுண்டு. பிறந்த நாள், மாதம், ஆண்டு என ஒருவரின் ஆயுளை அளக்கும் காலத்தின் அலகுகள் எல்லாம் தண்ணீர்க் குடங்களாக அவர் முன் வரிசையில் நிற்கின்றன. சாந்திச் சடங்கின் உட்கருத்து இந்த ஏற்பாட்டிலேயே தெரிந்துவிடும்.

ஜபம் நடந்தபின் நவக்கிரக ஹோமம், மிருத்யுஞ்சய ஹோமம், ஆயுஷ்ய ஹோமம், பூர்ணாகுதி. அதற்குப்பின் வருவது கலசாபிஷேகம். தம்பதியை மணையில் அமர்த்தி, தலைக்கு மேல் சல்லடை பிடித்து, மந்திரம் ஓதிய கலச நீரை ஊற்றுவார்கள். பிள்ளைகள், மருமக்கள், பேரக்குழந்தைகள், உறவினர்கள் எல்லாரும் ஆளுக்கொரு குடமாக ஊற்றும் நேரம் இது. அதுவரை ஐயரிடம் இருந்த சடங்கு குடும்பத்தின் கைக்கு வருகிறது. மந்திரம் தெரியாத குழந்தைக்கும் இதில் பங்கு உண்டு. விடியற்காலைக் குளிர்நீரில் எண்பது வயதுக்காரர் நனைவதால், வெந்நீர் கலந்து வைத்திருப்பதும் துண்டும் மாற்றுடையும் கையருகே இருப்பதும் அனுபவமுள்ள குடும்பங்களின் முன்யோசனை.

ஈர உடை மாற்றிப் புத்தாடையில் வந்தபின் மாலை மாற்றல், மாங்கல்ய தாரணம். மனைவியின் பிறந்த வீட்டார் கூறைப்புடவையும் சீர்வரிசையும் கொண்டுவருவது பல சமூகங்களில் உள்ள முறை. தாய் தந்தையர் இருக்க வாய்ப்புக் குறைவு என்பதால் பெரும்பாலும் தம்பியோ, அவர் மகனோ கொண்டுவருவார். கட்டப்படும் தாலி அவரவர் குல வழக்கப்படி பொட்டாகவோ, வேறு வடிவிலோ புதிதாகச் செய்யப்பட்டது. பழைய தாலியைக் கழற்றுவதில்லை. அதனோடு இது சேரும்.

முதல் திருமணத்தில் இருந்தவற்றில் எவை இங்கே இல்லை என்று கவனித்தால் சடங்கின் இயல்பு இன்னும் விளங்கும். கன்னிகாதானம் இல்லை. தாரை வார்த்துக் கொடுக்க ஆளும் இல்லை, தேவையும் இல்லை. ஏழடி நடப்பதும் அம்மி மிதிப்பதும் அருந்ததி பார்ப்பதும் பெரும்பாலும் விடப்படுகின்றன. ஒரு பெண் ஒரு குடும்பத்திலிருந்து இன்னொரு குடும்பத்துக்கு மாறுவதைக் குறிக்கும் சடங்குகள் எல்லாம் உதிர்ந்துவிட்டன. மாலையும் தாலியும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. சட்டத்தின் கண்ணிலும் இது திருமணம் அன்று. பதிவு செய்யும் அவசியமும் இல்லை.

வேறொன்று தலைகீழாகிறது. முதல் திருமணத்தில் பெற்றோர் நடத்துபவர்கள், மணமக்கள் பெரியவர்களின் காலில் விழுபவர்கள். இங்கே பிள்ளைகள்தான் பத்திரிகை அடித்துப் பந்தி விசாரித்துச் செலவைத் தாங்குகிறார்கள். அட்சதை மணமக்கள் தலையில் விழுந்தபின் அவர்கள் கையிலிருந்தே மற்றவர்கள் தலைக்குப் போகிறது. பிள்ளைகள் பாதபூசை செய்கிறார்கள், உறவினர்கள் வரிசையில் நின்று விழுந்து வணங்குகிறார்கள். தாலி கட்டும் நேரத்தில் பேரப்பிள்ளைகளின் கேலியும் கைத்தட்டலும் சேர்ந்துகொள்ளும். முதல் கல்யாணத்தில் குனிந்த தலை நிமிராத பெண், இந்த முறை தாலியின் முடிச்சைச் சரியாகப் போடக் கணவருக்கே சொல்லிக்கொடுப்பதையும் திருக்கடையூர்ப் பிரகாரத்தில் பார்க்கலாம்.

தாலிக்குப் பின் தானம். பசு, நிலம், எள், பொன், நெய், ஆடை, தானியம், வெல்லம், வெள்ளி, உப்பு ஆகிய பத்தும் தசதானம் எனப்படும். பசுவுக்கும் நிலத்துக்கும் ஈடாகத் தட்சிணை வைத்துக் கொடுப்பதே இப்போதைய நடைமுறை. இதே பத்துத் தானங்கள் சாக்காட்டை ஒட்டிய சடங்குகளிலும் வருபவை. ஆயுளைக் கேட்கும் நாளிலேயே கையில் இருப்பதைக் கொடுத்துப் பழகச் சொல்வதாக இதைப் படிக்க இடமுண்டு. பின்னர் குடும்பம் அமிர்தகடேசுவரர், காலசம்ஹார மூர்த்தி, அபிராமி சந்நிதிகளில் அர்ச்சனை முடித்து மண்டபத்தில் பந்தியில் அமரும்.

மணிவிழாவுக்குக் கோயிலுக்கு வெளியேயும் ஒரு வரலாறு உண்டு. தமிழ்ப் புலவர்களுக்கும் அரசியல் தலைவர்களுக்கும் மணிவிழா எடுத்து மலர் வெளியிடுவது 20-ஆம் நூற்றாண்டில் வேரூன்றிய பழக்கம். உ.வே. சாமிநாதையரின் 80 வயது நிறைவை 1935-இல் சென்னையில் அறிஞர்கள் பொதுவிழாவாகவே கொண்டாடினர். ஹோமமும் கலசமும் இல்லாத அத்தகைய விழாக்களைச் சடங்கில் நம்பிக்கையற்றவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். அறுபது என்ற எண்ணுக்குக் கிடைத்த சமூக மதிப்பு, சாந்தி நூல்களைத் தாண்டியது என்பதற்கு இது சான்று.

திருக்கடையூரில் கூட்டம் பெருகியதற்கு எளிய காரணங்கள் உண்டு. நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 ஆண்டு அளவில்தான் இருந்தது. குழந்தை இறப்பு அதிகம் என்பதால் வந்த எண் அது என்றாலும், கணவனும் மனைவியுமாக அறுபதைக் காண்பது அன்று பெரும்பேறு. இப்போது சராசரி ஆயுள் எழுபதை ஒட்டி வந்துவிட்டது. அறுபதைக் கண்ட தம்பதியர் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு ஊழியரின் ஓய்வு வயது 58-லிருந்து 2020-இல் 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்ந்தபின், ஓய்வும் மணிவிழாவும் ஒரே காலத்தில் கூடுகின்றன. கையில் ஓய்வூதியப் பணம், வேலையில் அமர்ந்த பிள்ளைகள், வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வரும் மகள் என்று எல்லாம் சேரும் வேளை அது. புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்களும் இந்தச் சடங்குக்காகவே இங்கு வந்து போகிறார்கள்.

கூட்டம் வந்தால் அதற்கேற்ற தொழிலும் வரும். அறை, மண்டபம், சாப்பாடு, மாலை, மேளம், ஐயர், புகைப்படம் எல்லாவற்றையும் ஒரே தொகைக்குப் பேசி முடிக்கும் ஏற்பாடு ஊரில் பரவிவிட்டது. ஒரே காலையில் பிரகாரத்தில் பல குடும்பங்கள் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும். ஒரு குடும்பத்தின் பூர்ணாகுதிப் புகையில் அடுத்த குடும்பத்தின் சங்கல்பம் தொடங்கும். பெயர், கோத்திரம், நட்சத்திரம் சொல்லும் இடத்தில் மட்டும் ஐயர் நிதானிப்பார். நெடுநேரம் ஓத வேண்டியவை சுருங்கிவிட்டன என்று வைதிகர்களே குறைப்படுவார்கள். மறுபுறம், தனியே சாந்தி செய்ய வசதியோ சாஸ்திரிகள் தொடர்போ இல்லாத குடும்பங்களுக்கும் எல்லாச் சாதியாருக்கும் இந்தச் சடங்கைக் கைக்கெட்டச் செய்தது இதே ஏற்பாடுதான். இரண்டில் பின்னதே பெரிய விளைவு.

கணக்கில் வராதவர்களும் உண்டு. சாந்தியின் நாளும் நட்சத்திரமும் கணவருடையவை. மனைவிக்கு அறுபது நிறையும் நாள் பெரும்பாலும் ஓர் அர்ச்சனையோடு கழிந்துவிடும். கணவரை இழந்த பெண்ணுக்கு எண்பது ஆனாலும் இந்த மணையில் இடமில்லை. அக்காவாகவும் அத்தையாகவும் வந்தவர்களில் அத்தகையோர் கலசம் ஊற்றும் நேரத்தில் பின்வரிசைக்கு நகர்ந்துகொள்வது பல குடும்பங்களில் இன்னும் நடப்பதே. ஆயுளுக்கான வேண்டுதலில் இந்தப் பிரிவினைக்கு எந்த அவசியமும் இல்லை. மனைவியை இழந்த ஆண்கள் தாலிச் சடங்கை விட்டுவிட்டு ஆயுஷ்ய ஹோமமும் மிருத்யுஞ்சய ஹோமமும் மட்டும் செய்துகொள்வார்கள். எதிரில் எமனும் கைகூப்பி நிற்கும் காலசம்ஹார மூர்த்தி சந்நிதியில் ஆயுள் வேண்டி அர்ச்சனை செய்ய ஆண், பெண், துணையுள்ளவர், துணையற்றவர் என்ற வேறுபாடு கிடையாது. தாய்க்கு எண்பது நிறையும்போது அவரைத் தனியே அழைத்து வந்து, அந்த அர்ச்சனையையும் அன்னதானத்தையும் நடத்திப் போகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.